பாலத்துக்கு இந்தப் பக்கத்துப் பாட்டு

பேலியகொடை மீன் சந்தையிலிருந்து வீட்டுக்கு வரும்போது ஹியூபேட்டின் கடைவாயில் ஒரு நாணல் பட்டை செருகியிருக்கும். பஸ்ஸில் பக்கத்தில் இருப்பவர்கள் அதைப் பல்லுக்குத்தும் குச்சி என்று நினைத்துக்கொள்வார்கள். அது கிளாரினட்டின் ஊதுவாயில் வைத்துக் கட்டுகிற ரீட். உலர்ந்து கிடந்தால் சத்தம் எழும்பாது. பஸ் களனிப் பாலத்தில் ஏறும்போது வாயில் வைத்தால், கொட்டாஞ்சேனையில் இறங்கும்போது பதமாக ஊறியிருக்கும் என்பது அவருடைய கணக்கு. வீட்டுக்குள் வந்ததும் சாரத்தை மாற்றுவார். தேசிக்காய்த் தோலால் கையைத் தேய்த்துக் கழுவி, விரல்களை ஒவ்வொன்றாக மோந்து பார்ப்பார். மீன் வாடை போய்விட்டது என்று மூக்கு சொன்ன பிறகுதான் கிளாரினட் பெட்டியைத் திறப்பார். தேத்தண்ணீர்கூட அதற்குப் பிறகுதான்.

எனக்கும் அவருக்கும் நடுவில் இருப்பது ஒரு கல் அகலச் சுவர். எங்கள் ஒழுங்கையில் வீடுகள் ஒன்றன் முதுகில் ஒன்று சாய்ந்துகொண்டு நிற்பவை. பக்கத்து வீட்டில் தாளித்தால் எங்கள் வீட்டுக் கறி மணக்கும். நான் தமிழ் படிப்பிக்கிற ரீச்சர். பின்னேரங்களில் கட்டுரைக் கொப்பி திருத்துகிறவள். ஹியூபேட் முதன்முதலாக ஊதிய அன்று, வாத்துக் கத்தியது போல எழும்பிய சத்தத்தில் என் கையிலிருந்த சிவப்புப் பேனா நிலத்தில் விழுந்தது. அவருடைய மனைவி நேசம் என் வாசலுக்கே வந்து முறையிட்டாள்.

"இவ்வளவு காலமும் இந்த வீட்டில மீன் நாத்தம் எண்டுதான் சனம் சொல்லிச்சு ரீச்சர். இனித் தாரா வளக்கிறம் எண்டும் சொல்லப்போகுது."

ஹியூபேட் ஊதுகிறவராக இருந்தவர் இல்லை. மொத்த மீன் கடை ஒன்றில் ஏலம் கூறியவர். விடியப்புறம் லொறிகள் வந்து பெட்டிகளை இறக்கத் தொடங்கியதும், ஐஸ் தண்ணீர் ஓடும் சீமெந்துத் தரையில் காலை அகட்டி நின்று, அறுக்குளா, பாரை, சூரை என்று பேர் சொல்லி, சிங்களம் பாதி தமிழ் பாதியாக விலையை ஏற்றுவார். ஒருமுறை மீன் வாங்கப் போய் அதைக் கேட்டிருக்கிறேன். மறுகோடியில் நின்ற எனக்கு நெஞ்சு அதிர்ந்தது. விலையை ஏற்றுவதற்குச் சற்று முன்னால் குரலை அப்படியே அறுத்து ஒரு மூச்சு எடுப்பார். வாங்க வந்தவர்கள் அத்தனை பேரும் அந்த மூச்சில் அவருடைய வாயைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். "ஏத்த முதல் மூச்சு எடுக்கோணும் ரீச்சர், இல்லாட்டி ஏறாது" என்று பிறகு எனக்குக் காரணம் சொன்னார்.

அந்தக் குரல்தான் எங்கள் ஒழுங்கைக்கு நத்தாரைக் கொண்டுவந்தது. இங்கே கிறிஸ்மஸ் கரோலுக்கு ஒரு வழக்கம் உண்டு. நாங்கள் எந்த வீட்டுக் கதவையும் தட்டுவதில்லை. ஒருவர் மட்டும் வாசலில் நின்று பாட்டின் முதல் அடியை எடுத்துக் கொடுப்பார். கதவு திறந்த பிறகுதான் மற்றவர்கள் சேர்ந்து பாடுவோம். முதல் அடியைக் கொடுப்பவர் ஹியூபேட். விளக்கு எரியும் நட்சத்திரக் கூட்டை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "தொட்டில் இல்லாப் பாலகனே" என்று தொடங்குவார். எங்கள் கோயிலில் யாரோ ஒரு பழைய சங்கீதச் சுவாமி எழுதிவைத்துவிட்டுப் போன பாட்டு அது. வேறு எங்கும் கேட்க முடியாது.

ஆனால் சந்தைப் பழக்கம் கோயிலுக்குள்ளும் வந்துவிட்டது. "பாலகனே" என்ற சொல்லில் ராகம் மேலே ஏறுகிற இடம் ஒன்று இருக்கிறது. ஏறுவதற்கு முன் ஹியூபேட் நின்று மூச்சு எடுப்பார். "தொட்டில் இல்லாப் பால" என்று நிறுத்தி, ஒரு மூச்சு வாங்கி, "கனே" என்று ஏறுவார். தமிழ் ரீச்சர் ஆகிய எனக்குக் காது கூசும். பாட்டுக்குழுவை நடத்துகிற பிறிஜெற்றுக்கு இரத்தம் கொதிக்கும். "ஹியூபேட் அண்ணே, அது பாலன். பாரை மீன் இல்ல. ரெண்டாய் வெட்டாதீங்கோ!" என்று ஒவ்வொரு வருடமும் ஒத்திகையில் கத்துவாள். அவர் ஓம், ஓம் என்று தலையாட்டுவார். வாசலுக்கு வந்ததும் வெட்டுவார்.

போன வருடம் அவருடைய கழுத்தில் ஒரு கட்டி வந்தது. அது குரல் நரம்போடு ஒட்டிக்கொண்டு கிடந்ததாம். கட்டியை எடுத்தார்கள், உயிர் தங்கியது, குரல் தங்கவில்லை. அந்த நத்தாருக்கு அவர் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தார். எங்கள் ஒழுங்கையில் கரோலும் நடக்கவில்லை. யாருக்கும் மனம் வரவில்லை. இப்போது அவர் பேசினால் காற்றுத்தான் வருகிறது. அதில் சொற்கள் மங்கலாகத் தெரியும். முதலாளி நல்ல மனிதர், அவரைத் தராசுக்கு மாற்றி வைத்துக்கொண்டார். சந்தையின் இரைச்சலில் கையைக் காட்டிக் காட்டியே நாளை ஓட்டிவிட்டு வருகிறார்.

இதையெல்லாம் ஹியூபேட் பொறுத்துக்கொண்டார். பொறுக்க முடியாதது வேறொன்று. ஒழுங்கையின் கடைசி வீட்டில் மேபல் அன்ரி இருக்கிறா. ஹியூபேட்டின் ஞானத்தாய், ஞானஸ்நானத்தின்போது அவரைக் கையில் ஏந்தியவ. சீனி வியாதியில் இரண்டு கண்ணும் போய்விட்டது. கரோல் போகும்போது அந்த வீட்டில் மட்டும் தனிச் சட்டம். முதல் அடியைக் கேட்டு, வந்திருப்பது யார் என்று மேபல் அன்ரி பேர் சொல்ல வேண்டும். சொன்ன பிறகுதான் மகள் றோஸி கதவைத் திறப்பாள். உள்ளே போனதும், "ஹியூபேட், வாயைத் திற" என்று சொல்லி, நத்தார் கேக்கில் ஒரு துண்டை அன்ரி தன் கையாலேயே அவருடைய வாயில் வைப்பா. நட்சத்திரக் கூட்டைப் பிடித்திருக்கிறவருக்குக் கை ஏது என்று எப்போதோ தொடங்கியது, அப்படியே நிலைத்துவிட்டது.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த கிழமை ஹியூபேட் அவவைப் பார்க்கப் போயிருக்கிறார். றோஸி கடைக்குப் போயிருந்த நேரம். அன்ரியின் கதிரைக்கு முன்னால் போய் நின்று, "நான்தான்" என்றிருக்கிறார். அன்ரிக்குக் காதும் கொஞ்சம் மந்தம். "ஆர் அது?" என்று கேட்டிருக்கிறா. இவர் மறுபடியும் சொல்லியிருக்கிறார். "றோஸி, ஆரோ உள்ளுக்க வந்து நிக்கினம். மூச்சுச் சத்தம் மட்டும் கேக்குது. எனக்குப் பயமாக்கிடக்கு" என்று அன்ரி குரலெடுத்துக் கூப்பிட, ஹியூபேட் சத்தம் போடாமல் வெளியே வந்துவிட்டார். அதன் பிறகு அந்த வீட்டுப் பக்கம் போகவில்லை. நேசம் இதைச் சொல்லி என் குசினியில் இருந்து அழுதாள். தாராச் சத்தத்தைப் பற்றி அன்றோடு நான் வாய் திறக்கவில்லை.

கிளாரினட் புறக்கோட்டையில் மஷூரின் கடையிலிருந்து வந்தது. மஷூர் பழைய வாத்தியங்களை வாங்கித் திருத்தி விற்கிறவர். ஹியூபேட் அங்கே போய்ப் புல்லாங்குழல், ட்ரம்பெற் என்று ஒவ்வொன்றாக ஊதவிட்டுக் கேட்டிருக்கிறார். கிளாரினட்டின் அடித்தொண்டைச் சத்தம் வந்ததும் கையைத் தூக்கி மஷூரை நிறுத்தினாராம். "என்ட குரல் இந்த இடத்தில இருந்தது" என்று தொண்டைத் தழும்பைத் தொட்டுக் காட்டினாராம். மஷூர் துளைகளை மூடித் திறக்கும் விதத்தைக் காட்டி, தேய்ந்த தக்கைகளை மாற்றி, கையில் கொடுத்து அனுப்பினார். மற்றதெல்லாம் ஹியூபேட் தானாகத் தேடிக்கொண்டது.

தேடினார் என்றால் அப்படித் தேடினார். கிளாரினட்டில் ஓர் எல்லை உண்டு. அதுவரைக்கும் ஒரு விரலாக எடுத்தால் ஒரு படி ஏறும். சின்னப் பிள்ளைக்கும் வரும். அந்த எல்லையைத் தாண்டி அடுத்த படிக்குப் போக, திறந்திருந்த துளைகள் எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் மூடி, பின்பக்கத்து விசையைப் பெருவிரலால் அழுத்த வேண்டும். ஒரு விரல் சறுக்கினாலும் தாராதான். ஹியூபேட் அந்த எல்லைக்குக் களனிப் பாலம் என்று பேர் வைத்தார். உலகத்தில் உள்ள நத்தார்ப் பாட்டுகளை எல்லாம் பாலத்துக்கு இந்தப் பக்கம், அந்தப் பக்கம் என்று இரண்டாகப் பிரித்தார்.

நேரம் கிடைக்கும் போதெல்லாம் என் வாசலுக்கு வருவார். போனில் ஒரு பாட்டைப் போட்டு, காதைக் கூர்மையாக்கி, முகத்தைச் சுளிப்பார்.

"தாண்டுது ரீச்சர்."

"அடுத்ததைப் போடுங்கோ."

"இதுவும் தாண்டுது. பேலியகொடை கழிஞ்சு நீர்கொழும்புக்கே போகுது."

புதிதாகப் பழகுகிறவர்களுக்கென்று வெளிநாட்டுக்காரர் போட்டிருந்த சுலபப் பாட்டுகளையும் தேடிப் பிடித்தார். பாலத்துக்கு இந்தப் பக்கமே நிற்கிறவை இருந்தன. ஆனால் எங்கள் ஒழுங்கையில் அவற்றை ஒருவருக்கும் தெரியாது. தெரிந்த பாட்டுகள் எல்லாம் தாண்டின. நேர்சரிச் சிஸ்டரிடம் போய், பாலர் நாடகத்தில் ஆட்டுக்குட்டிகள் பாடுகிற பாட்டை வாங்கி வந்து அச்சொட்டாக ஊதியும் காட்டினார். கரோல் குழுவுக்குப் பொறுப்பான பற்றிக், வங்கியில் வேலை செய்கிற பொடியன், மரியாதையாகத்தான் சொன்னான். "அங்கிள், அழகாத்தான் இருக்கு. ஆனா பெரிய ஆக்கள் வீடு வீடாப் போய் மே மே எண்டு பாடினா, என்ட ஒஃபிஸ் ஆக்களும் இந்த ஒழுங்கையில இருக்கினம்."

பிறிஜெற் தன் கீபோர்ட்டோடு சேர்ந்து ஊதிப் பார்க்கலாம் என்று கூப்பிட்டாள். அவள் புத்தகத்தைப் பார்த்து எந்த எழுத்தைச் சொல்கிறாளோ அதையே அவர் ஊதினார். சத்தம் ஒரு படி இறங்கி வந்தது. எத்தனை தரம் ஊதினாலும் இறங்கியே வந்தது. அவருக்குக் காது கெட்டுவிட்டது என்று அவள் நினைத்தாள். குழல் வெடித்துவிட்டது என்று அவர் நினைத்தார். வேர்க்க விறுவிறுக்க மஷூரிடம் ஓடினார். மஷூர் விழுந்து விழுந்து சிரித்தார். "இதுக்கு ஒரு பழுதும் இல்ல. கிளாரினட் அப்பிடித்தான் ஈக்கும். கீபோர்ட் மேல நிண்டு ஒரு பேரைச் சொல்லும், இது ஒரு படி கீழ நிண்டு அதே பேரைச் சொல்லும். அந்தத் தங்கச்சியக் கொஞ்சம் இறங்கி வரச் சொல்லுங்க." பிறிஜெற் இறங்கி வந்தாள். அவள் எதற்கும் இறங்கி வந்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

"தொட்டில் இல்லாப் பாலகனே" என்ற எங்கள் பாட்டை ஏன் ஊதிப் பார்க்கவில்லை என்று கேட்டேன். ஊதாமல் இருந்திருப்பாரா? முதலில் ஊதிப் பார்த்ததே அதைத்தான். அந்தப் பாட்டு முழுவதும் பாலத்துக்கு இந்தப் பக்கம் நிற்கிறது. ஒரே ஒரு இடம், அந்த "க" மட்டும் ஒரு படி அந்தப் பக்கம் விழுகிறது. பாட்டு முழுவதையும் கீழே இறக்கி ஊதினால் எங்கள் குரல்கள் கிணற்றுக்குள் போய்விடும். "பால" வரைக்கும் தேனாக வரும். அடுத்ததுக்கு விரல் பறக்கும், தாரா கத்தும். மாலை மாலையாகச் சுவருக்கு இந்தப் பக்கம் இருந்து கேட்டேன். பால, கீச். பால, கீச். இந்த மனிதர் விட்டுவிடட்டும் என்றும், விட்டுவிடக் கூடாது என்றும் ஒரே நேரத்தில் எனக்குப் பட்டது.

டிசம்பர் பிறந்து முதல் ஒத்திகையில் பற்றிக் ஒரு ஸ்பீக்கரைக் கொண்டுவந்து மேசையில் வைத்தான். பிறிஜெற் கீபோர்ட்டில் வாசித்த முதல் அடியை அதில் பதிந்திருந்தான். "அங்கிளுக்குக் கஷ்டம் வேணாம். வாசல்ல இதைப் போடுவம், கதவு திறக்கும்" என்றான். கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. ஹியூபேட் மூலைக் கதிரையில் கிளாரினட் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டிருந்தார். அதன் கொக்கியைத் திறந்து திறந்து மூடினார். மேபல் அன்ரி வீட்டு வாசலில் அந்த ஸ்பீக்கரை வைத்தால் அன்ரி யாருடைய பேரைச் சொல்லுவா என்று எனக்குள் ஓடியது. அவருக்கும் அதுதான் ஓடியிருக்கும்.

ஸ்பீக்கரோடு சேர்ந்து பாடிப் பார்த்தோம். அங்கேதான் கூத்து நடந்தது. ஸ்பீக்கர் முறையாக, ஒரே மூச்சில், "பாலகனே" என்று போய்விட்டது. நாங்கள் அத்தனை பேரும் "பால" என்று நின்று மூச்சு எடுத்தோம். பிறிஜெற்றும் எடுத்தாள்! மறுபடியும் பாடினோம், மறுபடியும் நின்றோம். இத்தனை வருடம் ஹியூபேட் வெட்டிய இடத்திலேயே எங்கள் எல்லாருக்கும் மூச்சு வெட்டுப்பட்டிருந்தது. பற்றிக் தலையைச் சொறிந்தான். ஹியூபேட் மூலையில் நிமிர்ந்து உட்கார்ந்து எங்கள் வாய்களையே பார்த்தார்.

அடுத்த நாள் பின்னேரம் சுவரின் அந்தப் பக்கம் "பால" என்று ஊதி நின்றது. கீச் வரவில்லை. ஒரு மூச்சு இழுக்கும் சத்தம். பிறகு, மெல்லியதாக, நடுங்கிக்கொண்டு, ஆனால் சுத்தமாக, "கனே". சிவப்புப் பேனாவை மூடி வைத்தேன். சற்று நேரத்தில் அவர் என் வாசலில் நின்றார். முகமெல்லாம் வியர்வை.

"இவ்வளவு நாளும் அதை ஒரே மூச்சில ஊதப் பாத்தனான் ரீச்சர். புதுக் குரல்தானே, இதிலயாவது பிறிஜெற் சொன்ன மாதிரிப் பிழையில்லாமப் பாடுவம் எண்டு." அந்தக் காற்றுப் பேச்சில் இவ்வளவையும் சொல்ல அவர் மூன்று நான்கு தரம் நிற்க வேண்டியிருந்தது. "பழையபடி மூச்சு எடுத்தா, அந்த நேரத்துக்குள்ள விரல் எல்லாம் போய் இருந்திடுது. பாலம் தாண்டலாம்."

பிழை பிழை என்று நாங்கள் எல்லாரும் சொல்லிக்கொண்டிருந்த அந்த ஒரு மூச்சை, குரல் போன பிறகும் அந்த மனிதர் நெஞ்சுக்குள் வைத்திருந்திருக்கிறார். பிள்ளைகளின் கட்டுரைகளில் சொல்லை நடுவில் முறித்தால் சிவப்பால் வட்டம் போடுகிறவள் நான். அன்று கும்பிடத் தோன்றியது.

கரோல் நாள் மழை விட்டு ஒழுங்கை பளபளவென்று கிடந்தது. இந்த முறை நட்சத்திரக் கூடு பற்றிக்கின் கையில். அவனுடைய மற்றக் கை காற்சட்டைப் பையில், தோளில் தொங்கிய ஸ்பீக்கரை இயக்கும் போனின் மேல் இருந்தது. ஹியூபேட் வெள்ளைச் சேர்ட், கடைவாயில் ரீட். முதல் வீட்டு வாசலில் "கனே" நன்றாக வந்தது. கதவு திறந்தது. அடுத்த சில வீடுகளிலும் வந்தது. பிறகு ஒரு வீட்டில் விரல் ஈரத்தில் சறுக்கித் தாரா கத்தியது. அங்கிருந்த நாய் எழுந்து பதில் சொன்னது. வீட்டுக்காரர் சிரித்துக்கொண்டே கதவைத் திறந்தார். எங்களுக்குச் சிரிப்பு வரவில்லை. அதற்கடுத்த வீட்டிலும் சறுக்கியது. ஹியூபேட் விரல்களைச் சேர்ட்டில் துடைத்துத் துடைத்துப் பார்த்தார்.

கடைசி வீட்டுக்கு முன்னால் பற்றிக் என் காதுக்குள் கேட்டான். "ரீச்சர், இந்த வீட்டில மட்டும் ஸ்பீக்கரைப் போடுவமா?" நான் முறைத்த முறைப்பில் பையிலிருந்து கையை எடுத்துவிட்டான்.

ஹியூபேட் வாசல்படிக்கு முன்னால் காலை அகட்டி நின்றார். சந்தையில் நிற்கிற அதே நிலை. நேசம் என் கையைப் பிடித்துக்கொண்டாள். குழல் தொடங்கியது. தொட்டில் இல்லாப் பால. நின்றது. அவருடைய தோள் ஏறியது. அந்த மூச்சில் நாங்கள் எல்லாரும் அவருடைய வாயையே பார்த்துக்கொண்டு நின்றோம். கனே. நடுக்கம்கூட இல்லாமல் அது மேலே ஏறி நின்றது.

கதவு மூடியபடியே இருந்தது. உள்ளே கதிரை ஒன்று கிறீச்சிட்டது. மழைத் தண்ணீர் கூரையிலிருந்து சொட்டியது.

"றோஸி," என்று மேபல் அன்ரியின் குரல் கேட்டது. "கதவைத் திற. ஹியூபேட் நிக்கிறான். பாலனை இன்னும் ரெண்டாத்தான் வெட்டுறான்."

அடுத்த அடியை நாங்கள் எப்படிப் பாடினோம் என்று தெரியாது. பிறிஜெற் பாடவே இல்லை, மூக்கைத் துடைத்துக்கொண்டு நின்றாள். ஹியூபேட் ஊதுவதை நிறுத்தாமல் உள்ளே போனார். மேபல் அன்ரி கதிரையிலிருந்து எழும்பி, ஒரு கையில் கேக் துண்டோடு, மற்றக் கையை முன்னால் நீட்டினா. விரல்கள் குழலின் அகன்ற வாயில் முட்டின. அது என்ன என்று அவ கேட்கவில்லை. விசை விசையாகத் தடவி, அவருடைய விரல்களைத் தொட்டு, அவற்றின் மேலாக ஏறி ஏறி, ஊதுவாயை வந்து பிடித்தா.

"வாயைத் திற," என்றா.

ஹியூபேட் கிளாரினட்டை மெல்ல விலக்கி, கண்ணை மூடிக்கொண்டு, வாயைத் திறந்தார்.